கொடைரோட்டுக்கு ஐந்து டிக்கெட்

"மாம்பழமா? தாராளமா சாப்பிடட்டும். நல்லா கழுவி, தோல் சீவி, அளவா. ரத்தத்துல பொட்டாசியம் சரியா இருக்கு" என்று டாக்டர் சொன்னபோது ஸ்ரீவித்யா இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் கணேஷ்குமார் முகக்கவசத்துக்குள் சிரிப்பது அவன் கண்களில் தெரிந்தது.

டயாலிசிஸில் இருந்த காலமெல்லாம் கணேஷுக்குப் பழமே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் திருச்சி கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுக்கு மாம்பழம் வருவதே நின்றுபோனது. மகள் கமலினி தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாசனை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். போன வருஷம் கணேஷின் அக்கா கமலவல்லி தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். இப்போது அவன் மறுபடி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான்.

"கடையில வாங்க வேண்டாம் வித்யா" என்றான் வீட்டுக்கு வரும் வழியில். "மரத்துலேர்ந்து பறிக்கணும். அமிர்தராஜ் எப்பவும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்ல?"

அமிர்தராஜ் தொழிற்சாலையில் அவனோடு ஒரே பிரிவில் வேலை பார்ப்பவர். கொடைரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருக்கு மாந்தோப்பு உண்டு. காலையில் ரயிலேறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

அன்று மாலையே மூவரும் திட்டம் போட உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் இடிபடாமல் ரிசர்வேஷன் பெட்டி வேண்டும். மாத்திரை நேரம் தவறக் கூடாது. குடிக்கும் தண்ணீர் வீட்டிலிருந்தே. கமலினி போனில் ரயில்களைத் தேடிக்கொண்டே, "மண்ணுல கை வைக்கக் கூடாதுப்பா. கையுறை போட்டுக்கிட்டுதான் பறிக்கணும்" என்றாள்.

"கையுறை போட்டு மாங்கா பறிக்கிற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்" என்றான் கணேஷ். "அத்தைக்கும் மாமாவுக்கும் சேர்த்து அஞ்சு டிக்கெட் போடு."

ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து கமலவல்லி, "நீங்க போயிட்டு வாங்கடா, அன்னிக்கு வீட்டுக்கு ஆள் வராங்க" என்றாள். தேதியை மாற்றிக் கேட்டார்கள். முழங்கால் வலி என்றாள். அடுத்த தடவை சும்மா, "பார்க்கலாம்" என்றாள். கணேஷ் போனை வைத்துவிட்டு, "அக்கா வராம நான் போகலை" என்று எழுந்து போனான்.

ஸ்ரீவித்யாவுக்குப் பயம் பிடித்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அண்ணியின் உடம்புக்கு ஏதாவது வந்து, அதை மறைக்கிறாளோ? மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். கமலவல்லி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஸ்ரீவித்யா ஓடிப்போய் ஈரத்துணி இருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி, நீங்க ஏன் இதெல்லாம் தூக்கறீங்க?"

"பாத்தியா? இதுக்குத்தான் நான் வரலைன்னேன்" என்றாள் கமலவல்லி.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன். நீங்கதான் என்னை நோயாளி ஆக்கறீங்க. உங்க வீட்டு வாசப்படி ஏறினா மூணு பேரும் எழுந்து நிக்கறீங்க. தம்பி என்னைப் பார்த்தாலே கண்ணு கலங்கறான். சின்ன வயசுல மாங்கொட்டைக்காக என் பின்னலைப் பிடிச்சு இழுத்தவன் வித்யா அவன்! இப்ப நான் என்ன சொன்னாலும் சரிக்கா, சரிக்காங்கறான். ஒரு கிட்னியைக் குடுத்தேன், சரி. அதோட தம்பியையும் விட்டுடணுமா?"

ஸ்ரீவித்யா வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நன்றியே இல்லாம எப்படி அண்ணி இருக்கறது? விடியக்காலைல முழிப்பு வந்து, அவர் பக்கத்துல நிம்மதியா தூங்கறதைப் பாக்கறப்பல்லாம் உங்க முகம்தான் ஞாபகம் வருது."

கமலவல்லி கையை நீட்டினாள். "அது இருக்கட்டும்மா. எனக்கு அது தெரியும், சந்தோஷமாவும் இருக்கு. இப்ப வாளியைக் குடு."

கொடுக்க மனசே வரவில்லை. இருந்தாலும் கொடுத்தாள். கமலவல்லி ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். முகம் தெளிந்திருந்தது. "புளியோதரை நான் கொண்டு வரேன். அவனுக்கு உப்பு கம்மியா தனியா கிளறிடறேன்" என்றாள்.

நடந்ததை ஸ்ரீவித்யா வீட்டில் சொன்னபோது கணேஷ் வெகுநேரம் பால்கனியில் நின்றான். பிறகு போனை எடுத்தான். "அக்கா, ஜன்னல் சீட்டு எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"ஆசையைப் பாரு! மூத்தவ நான் இருக்கேன்" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

திருச்சி ஜங்ஷனில் ஐந்து பேரும் ஏறினார்கள். ஜன்னலோரம் கமலவல்லிதான் உட்கார்ந்தாள். மணப்பாறையில் முறுக்கு ஏறியது. கணேஷுக்கு வெளியில் விற்கும் பண்டம் ஆகாது. கமலவல்லி ஒரு பொட்டலம் வாங்கி அவன் எதிரிலேயே நறுக் நறுக்கென்று கடித்தாள். "உனக்குக் கிடையாது" என்றாள். ஸ்ரீவித்யா பதறிக் கணவனைப் பார்த்தாள். அவனோ, "ராட்சசி" என்று சொல்லி, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். கமலவல்லியின் கணவர் சக்ரபாணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்பாடா, இவ இப்பத்தான் பழையபடி இருக்கா" என்றார்.

தோப்பில் அமிர்தராஜின் மனைவி சகாயராணி வாசலுக்கே வந்து வரவேற்றாள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு பாத்திரத்தில் மூடியிருந்தது. பக்கத்தில் புதுக் கத்தி, புதுத் தட்டு.

"டாக்டர் என்னென்ன சொன்னாருன்னு இவர்கிட்ட கேட்டுக்கிட்டேங்க" என்றாள். "இந்தத் தண்ணிலதான் பழத்தைக் கழுவினேன். பயப்படாம சாப்பிடுங்க."

முன்பின் பார்த்திராத பெண். ஸ்ரீவித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணேஷ் கையுறையோடு, நுனியில் வலை கட்டிய துரட்டியைத் தூக்கினான். முதல் காய் வலையில் விழாமல் சக்ரபாணியின் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. பறித்த காய்களை வைக்கோலில் வைத்துப் பழுக்கவிட வேண்டும் என்பதால், அமிர்தராஜ் ஏற்கெனவே பழுக்க வைத்திருந்த செந்தூரம் மாம்பழத்தைச் சகாயராணி தோல் சீவி நறுக்கினாள். கணேஷ் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மெல்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு மெதுவாக விழுங்கினான். கமலினி அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, கைமுட்டி வரை சாறு வழியத் தன் துண்டைச் சாப்பிட்டாள்.

கமலவல்லி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "இதைப் பார்க்கத்தான்" என்று ஸ்ரீவித்யாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். ஸ்ரீவித்யா அவளை இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சக்ரபாணி குரல் கொடுத்தார். கணேஷ் இன்னும் மரத்தடியில் நின்று, எட்டாத ஒரு கொத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"விடுடா. அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே வந்துடுவோம்" என்றாள் கமலவல்லி.

"ஆமாக்கா, மே மாசமே வந்துடணும்" என்றான் அவன்.

அடுத்த வருஷம். அவர்கள் வீட்டில் வெகுகாலமாக யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அக்காவும் தம்பியும் அதை எவ்வளவு சாதாரணமாகப் பேசிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்தபடி, ஸ்ரீவித்யா மாங்காய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள்.