சின்ன விமானத்துக்குச் சொல்லாத விலை

அந்த வாடகை விமானக் கம்பெனியில் விலை சொல்வது அவள் வேலை. எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், எவ்வளவு சாமான் என்று கம்ப்யூட்டரில் அடித்தால் போதும். தோதான விமானத்தை மென்பொருளே காட்டி, எரிபொருளிலிருந்து காலியாகத் திரும்பும் செலவு வரை கூட்டிக் கொடுத்துவிடும். கம்பெனிக்கு இருந்ததே இரண்டு விமானங்கள். சின்னதை ஓட்டுபவர் அவள் புருஷன். ஆபீஸில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். அங்கே அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் காலை, வீட்டில் அவர் டீக்கோப்பையை மேசையில் வைக்கப்போய், மேசைக்கு வெளியே அந்தரத்தில் வைத்தார். கோப்பை சுக்குநூறானது.

"கை நழுவிடுச்சு," என்றார்.

நழுவவில்லை. அவர் நிதானமாக வைத்ததை அவள் பார்த்தாள். அந்த வாரமே காரில் போகும்போது, இடப்பக்கம் வந்த சைக்கிளை அவள் கத்திய பிறகுதான் கண்டார்.

"கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்திடலாங்க."

"அவர் ஏதாவது எழுதித் தொலைச்சா? பிளேன் ஓட்டினவன் வீட்ல உக்காந்து ஈ ஓட்டணுமா?" சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அதற்குமேல் பேச விடவில்லை.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் விலை கேட்டார். மென்பொருள் சின்ன விமானத்தைக் காட்டியது. அவள் அதைத் தள்ளிவிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். விலை எகிறியது, வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்தவருக்கும் அப்படியே செய்தாள். அதற்கடுத்தவருக்கும். விலை படியாத அன்றைக்கெல்லாம் அவர் தரையில் இருப்பார்.

கடைசியில் முதலாளி கூப்பிட்டார்.

"என்னம்மா, சின்னது ஷெட்டுலயே தூங்குது? இப்படியே போனா வித்துட வேண்டியதுதான். அப்புறம் கேப்டனை வெச்சு நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

"இனிமே பாத்துப் போடுறேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்தால், புதிதாக ஒரு குடும்பம் விலை கேட்டிருந்தது. கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. மென்பொருள் மறுபடியும் சின்னதையே காட்டியது. சரியான விலையை அனுப்பவும் கை வரவில்லை, கூட்டி அனுப்பவும் வரவில்லை. எழுந்து நேரே ஷெட்டுக்குப் போனாள்.

விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் அவர்.

"இத்தனை நாளா உங்களுக்கு வேலை வராம பண்ணினது நான்தாங்க."

அவர் கை நின்றது. "என் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டியா?"

"ஆமா. இப்ப ஒரு கைக்குழந்தையோட கேட்டிருக்காங்க. ஓட்டுவேன்னு நீங்க சொல்லுங்க, இப்பவே அனுப்பிடுறேன்."

"அனுப்பு!"

அவள் அவருக்கு இடப்பக்கமாக வந்து நின்றாள். "திரும்பாம சொல்லுங்க. என் கை எங்க இருக்கு?"

"கீழதான். வேற எங்க இருக்கும்?"

கை அவர் கன்னத்தருகே இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, விமானத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். கண் நரம்பு கெட்டுவிட்டது, இனி விமானம் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். அந்தக் குடும்பத்துக்கு அவள் முடியாது என்று எழுதினாள். சின்ன விமானத்துக்கு வேறு பைலட் வந்தார். ஆபீஸிலேயே உட்காரச் சொல்லி முதலாளி கேட்டும், கேப்டன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில், அவ்வளவுதான். சாயங்காலம் இருவரும் நடக்கப் போகும்போது அவள் அவருக்கு இடப்பக்கமாக நடக்கிறாள். அவர் வேண்டாம் என்று சொல்வதில்லை.