இரண்டாம் சுற்றுக்குப் பிறகு

சாய்சரண் செஸ்ஸில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவனுக்குப் பதினைந்து வயசு. அபிராமபுரத்தில் தெருமுனையில் பேனர் கட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். அடுத்த ஐந்து வருஷத்தில் அவன் ரேட்டிங் புள்ளி முதலில் ஏறாமல் நின்றது, பிறகு இறங்க ஆரம்பித்தது. ஸ்பெயினுக்குப் போனான், செர்பியாவுக்குப் போனான், இரண்டு இடத்திலும் மண்ணைக் கவ்விவிட்டு வந்தான்.

"பட்டம் ஆயுசுக்கும் உன்னோடதுதானேடா, யாரும் பிடுங்கிக்கப் போறதில்லை. போதும், காலேஜ்ல சேர்ந்து படி" என்றாள் அம்மா கோமளம்.

அவன் தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடக்கவிருந்த, யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய ஓபன் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். கூட ஆடும் ராகவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சி, எல்லாம் ரேட்டிங் கம்மியான ஆளுங்க. ஜெயிச்சா ஒண்ணும் ஏறாது, தோத்தா அதலபாதாளம். எந்த கிராண்ட்மாஸ்டர்டா அங்க போவான்?"

"அதுக்குத்தான் போறேன். யார்கிட்ட தோத்தா எவ்வளவு போகும்னு பாத்துண்டே அஞ்சு வருஷமா ஆடியாச்சு."

இரண்டாவது சுற்றிலேயே தோற்றான். எதிரில் உட்கார்ந்தவள் நொச்சிக்குப்பத்து மேகலா, பதினேழு வயசு, ரோட்டோரம் மீன் விற்கிறவர் மகள். நல்ல நிலையில்தான் இருந்தான். எதற்கு வம்பு என்று ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டான். அவள் நிதானமாக அவன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தாள்.

காது சுட, பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி வரை வந்துவிட்டான். 'வயிறு சரியில்லைன்னு சொல்லி விலகிடு' என்று, ஆன்லைனில் முடிவைப் பார்த்துவிட்ட ராகவேந்திரனிடமிருந்து செய்தி வந்திருந்தது. படித்தான். போனை அணைத்துவிட்டுத் திரும்பிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனான்.

"நம்ம ஆட்டத்தை ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

மேகலா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னா சார், கலாய்க்கிறீங்களா?"

"இல்ல. எங்க கோட்டை விட்டேன்னு தெரியணும்."

அவள் கையைக் கழுவிவிட்டுத் தன் சின்னப் பலகையை விரித்தாள். "இங்கதான். ராணிய வெட்டிக்கினீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. யானைய இங்க பலி குட்த்திருந்தா நான் காலி."

"பாத்தேன். கடைசி வரைக்கும் கணக்கு வரல. விட்டுட்டேன்."

"எனக்கும் வரல சார். ஆனா நான் குட்த்திருப்பேன்."

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். இன்னும் ஏழு ஆட்டம் இருந்தது. ஐந்தாவது சுற்றில் ஒரு குதிரையைப் பலி கொடுத்தான். கணக்கு தப்பியது, தோற்றான். ஜன்னலோரம் நின்று யாரோ சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்திலும் அவன் பதுங்கவில்லை. மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஜெயித்தான். கடைசி ஆட்டத்தில் எதிராளி டிரா கேட்டபோது, "ஆடலாமே" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "என்னடா ஆச்சு?"

"நாலாவது இடம். ரேட்டிங் இன்னும் பதிமூணு இறங்கும்."

"அதுக்கா இப்படிச் சிரிச்சுண்டு வரே?"

"நன்னா ஆடினேம்மா" என்றான். சட்டையைக்கூட மாற்றாமல், தேனாம்பேட்டையில் அடுத்த மாசம் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்க உட்கார்ந்தான். கோமளம் அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கப் போனாள்.