இருமல் என்று ஒரு மந்திரவாதி

மந்திரம் படித்து முடித்தவர்கள் தங்களுக்கு ஒரு பட்டப்பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலின் வழக்கம் அது. கூடப்பிறந்தவர்கள் வாயால் கூப்பிட்டால்தான் பெயர் பலிக்கும். என் தம்பியோடு படித்தவன் ஒருவன் 'மழை' என்று வைத்துக்கொண்டான். அவனுடைய அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், மழை வந்து இவன் தலைமேல் கொட்டுகிறது. தோட்டக்காரர்கள் அவனை விடுவதே இல்லை.

என் தம்பி வைத்துக்கொண்ட பெயர் இருமல்.

"ஏன்டா, உலகத்துல உனக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"எனக்குப் புடிச்சிருக்குக்கா."

புடிச்சிருக்காம்! நானும் என் வீட்டுக்காரரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்ததற்கு இதுதான் பலன். என் தையல்கடை வாசலில் பலகை மாட்டினான். ரவிக்கை தைக்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவனோ இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, ஒருவாட்டி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்று நச்சரித்தான்.

"போடா, அந்தக் கருமத்தை என் வாயால சொல்லமாட்டேன்."

எனக்கு இருந்த கவலை போதாதா? என் மகளுக்கு மாதக்கணக்காக இருமல். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, நாளுக்கு நாள் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. மந்திரத்தால் விரட்டேன்டா என்று கெஞ்சினேன்.

"விரட்டுற மந்திரமே கிடையாதுக்கா. வரவைக்கத்தான் முடியும்."

"அப்புறம் என்னத்தைப் படிச்சுக் கிழிச்ச நீ?"

ஒரு மத்தியானம் நான் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் படுத்திருந்த மகளுக்கு இருமல் தொடங்கியது. நிற்கவே இல்லை. உதடு நீலம் பாரித்தது. வீட்டுக்காரர் வண்டி பிடிக்க ஓடினார். தம்பி மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய் இருமல்! மரம் மாதிரி நிக்காம புள்ளையத் தூக்குடா!"

அவள் இருமல் சட்டென்று நின்றது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். அடுத்த கணம் தம்பி இருமிக்கொண்டே மேசையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான்.

"இதுக்குத்தான் அந்தப் பேரை வச்சியா?"

தலையாட்டினான்.

"பாவி, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொன்னா நீ கூப்பிடவே மாட்டியேக்கா."

ஓங்கி அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. முதுகைத் தடவிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன்.

சாயங்காலம் மகளுக்கு மறுபடியும் இருமல் ஆரம்பித்தது. தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ம், கூப்பிடுக்கா" என்றான்.