அறுத்துப் பார்க்காத கயிறு

“அசையாதே. துடைக்கிறதை நிறுத்து. காலால சுவரை உதைக்காதே. அப்படியே இரு.”

தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் மேஸ்திரியின் குரல் இப்படி வந்தபோது, நான் அந்தக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் மேலிருந்து நாலாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். எப்போதும் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று உயிரை வாங்குகிற மனுஷன் அவர். அவர் வாயிலிருந்து ‘நிறுத்து’ என்று வந்ததே எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

“என்ன அண்ணே? காத்து அதிகமாயிடுச்சா?”

“காத்தெல்லாம் இல்லப்பா. உன் வீட்டம்மா இங்க மொட்டை மாடிக்கு வந்திருக்காங்க. அவங்களே பேசுறாங்களாம்.”

வேலை நடக்கிற இடத்துக்கு அவள் வந்ததே கிடையாது.

என் மனைவிக்குக் கயிறு அறுக்கிற வேலை. சொன்னால் சிரிப்பார்கள், நானும் கல்யாணமான புதிதில் சிரித்தவன்தான். நாங்கள் தொங்குகிற கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்று எங்கள் கம்பெனியில் சோதிப்பவள் அவள். ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டை வெட்டி இழுவை எந்திரத்தில் மாட்டுவாள். பட்டென்று அறுகிறவரை இழுப்பாள். எந்த எடையில் அறுந்தது என்று பார்த்துவிட்டு மிச்சச் சுருளை வேலைக்கு அனுப்புவாள். அந்த மிச்சத்தில் நான் தொங்குவேன்.

அவளுக்குக் கடவுள் கிடையாது. எனக்கு உண்டு. மொட்டை மாடியின் விளிம்பைத் தாண்டுவதற்கு முன் கண்ணை மூடி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் இறங்கியதில்லை. மற்ற எந்த விஷயத்திலும் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது கிடையாது. இதில் மட்டும் சாப்பாட்டு மேஜை பட்டிமன்றமாகிவிடும்.

“நிரூபிச்சுக் காட்டுங்க. நாளைக்கே உங்களோட சேர்ந்து நானும் கும்பிடுறேன்” என்பாள்.

“சட்டைன்னு ஒண்ணு இருந்தா அதைத் தைச்சவன்னு ஒருத்தன் இருக்கணும்ல?”

“சரி, தைச்சவனைப் பெத்தது யாரு?”

“எல்லாத்துக்கும் ஆரம்பம்னு ஒண்ணு வேணும்மா.”

“வேணும்னா வந்துடுமா? எனக்குக்கூடத்தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுற புருஷன் வேணும்.”

இப்படி ஒவ்வொரு தடவையும் என் மூக்கை உடைத்து அனுப்புவாள். ஆனால் போன வாரம் எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

“நீ அறுக்கிறது ஒரு துண்டு. நான் தொங்குறது வேற துண்டு. நான் தொங்குறது தாங்கும்னு நீ எப்போ நிரூபிச்சே?”

“ரெண்டும் ஒரே சுருள்தானே?”

“அதனால இதுவும் தாங்கும்னு நம்புற. முழுசா நிரூபிக்கணும்னா என் கயித்தையும் அறுத்துப் பார்க்கணும். அறுத்துட்டா அப்புறம் நான் எதுல தொங்குறது? நீயும் நம்பிக்கையிலதான் என்னைத் தொங்க விடுற. வாய்விட்டு ஒத்துக்க மாட்டேங்கிற, அவ்வளவுதான்.”

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். நான் கடவுளையே நிரூபித்துவிட்ட மாதிரி இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது வாக்கி டாக்கியில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க கயித்தை எந்திரத்துல மாட்டினேன்.”

“எந்தக் கயித்தை?”

“இப்போ நீங்க தொங்குறதை. நேத்து உங்க பையிலேருந்து எடுத்து மாட்டினேன். அறுக்கலை, அறுந்து போற எடையில பாதிக்கு மேல இழுத்தேன். உங்க கயித்தையே சோதிச்சுட்டா நீங்க சொன்னது பொய்யாயிடும்ல? தாங்குச்சு. நிம்மதியா சுருட்டி வெச்சுட்டேன்.” அவளுக்குப் பின்னால் யாரோ சுருளை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. “இன்னிக்கு மனசு கேக்கலை. அதே சுருள்ல மிஞ்சின துண்டை அதே அளவுக்கு இழுத்துட்டு, உறையைக் கிழிச்சுப் பார்த்தேன். உள் நூல் பாதி அறுந்து கிடக்கு. வெளிய ஒண்ணுமே தெரியலை.”

எங்கள் வேலையில் ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் தொங்குவோம், அது போனால் பிடித்துக்கொள்ள மற்றொன்று, காப்புக் கயிறு.

“ரெண்டாவது இருக்குல்ல?” என்றேன்.

“உங்க பையில ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு” என்றாள்.

“அதையுமா?”

“ரெண்டையும்தாங்க.”

அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவள். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

“அப்படியே கீழ இறங்கிடவா?”

“வேண்டாம்! இறங்குற கருவி கயித்தை நசுக்கிக்கிட்டே ஓடும். அசையாம இருங்க. வேற சுருள்லேருந்து புதுக் கயிறு போட்டுக்கிட்டு இருக்கோம்.”

இருந்தேன். கையிலிருந்த துடைப்பானிலிருந்து சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது, அதைத் துடைக்கக்கூடத் துணியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரித்துக் கையை ஆட்டினாள். பதிலுக்குக் கையை ஆட்ட முடியாமல் பல்லை மட்டும் காட்டினேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பாள். மறுபடி வேலையில் குனிந்துகொண்டாள்.

கயிற்றை அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை உறை, இடையில் நீலக் கோடு, ஒரு கீறல் கிடையாது. நேற்று இதே கயிற்றைப் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருப்பேன். நேற்று எதற்கு? இன்று காலையிலும் அப்படித்தானே இறங்கினேன்.

கடவுளைக் கூப்பிட வேண்டிய நேரம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, வரவில்லை. சட்டையும் தைத்தவனும் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஆரம்பம் வேண்டும் என்பது வந்தது. நான் ஜெயித்த அந்தக் கயிற்று வாதமும் வந்தது. அத்தனை வருஷம் சேர்த்து வைத்த வாதங்களில் ஒன்றுகூட என் எடையைத் தாங்குகிற மாதிரி இல்லை. அவள் கேட்ட நிரூபணத்தை என்னால் கொடுக்க முடியவில்லை, அதற்குப் பதிலாக அவளுடைய நம்பிக்கையை நான் நோண்டிப் புண்ணாக்கியிருக்கிறேன். அந்தப் புண்தான் இப்போது என் தலைக்கு மேல் கயிறாகத் தொங்கியது.

கயிற்றில் எங்கோ மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. நிஜமா, என் மனப்பிரமையா, இன்றைக்கும் தெரியாது. அப்போது என் வாயிலிருந்து வந்தது, “இரு. போயிடாதே. இங்கேயே இரு” என்பதுதான். அதில் வாதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. கடவுளிடம் சொன்னேனா, மேலே நிற்பவளிடம் சொன்னேனா என்றுகூட எனக்குத் தெளிவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுக் கயிறுகள் இரண்டும் மெதுவாக இறங்கி என் காதருகே வந்து நின்றன.

“முதல்ல காப்புக் கயித்துக் கொக்கியை மாத்துங்க. அப்புறம் புதுசுல கருவியை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா எடையை மாத்துங்க. குதிக்காதீங்க. மாறினதும் மேல ஏறி வந்துடுங்க” என்றாள்.

சோப்பு ஈரத்தில் கொக்கி இரண்டு தடவை வழுக்கியது.

“இதைச் சோதிச்சியா?”

“இதோட துண்டைத்தான் அறுத்தேன். இதை ஒண்ணும் செய்யலை.”

“இது தாங்குமா?”

வேறு நாளாக இருந்தால் எடையைப் புள்ளி பிசகாமல் ஒப்பித்திருப்பாள். தன்னிடம் இப்படிக் கேட்டவர்களை அவள் முறைத்துப் பார்த்திருக்கிறாள்.

“தெரியலைங்க” என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. “தெரியலை. மாறிடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், மாறிடுங்க.”

மாறினேன். பழைய கயிறு தளர்ந்து, புதுக் கயிறு என் எடையை வாங்கிக்கொண்டது. தாங்கியது. அதற்கப்புறம் எப்படி ஏறினேன், யார் என் தோளைப் பிடித்து விளிம்புக்கு மேலே இழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. தரையில் குப்புறக் கிடந்து சிமெண்டின் சூட்டைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டேன்.

தலையைத் தூக்கியபோதுதான் அவளைப் பார்த்தேன்.

புதுக் கயிறுகள் இரண்டும் முறைப்படி இரும்புத் தூணில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றில் முடிச்சைத் தாண்டி மிஞ்சிய நுனியைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சுவரில் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

“நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்பா, கேக்கலை” என்றார் மேஸ்திரி.

பைத்தியக்காரத்தனம். கயிறு அறுந்திருந்தால் தூணுக்குக் கீழேதான் அறுந்திருக்கும், அவள் கட்டிக்கொண்டதால் எனக்கு ஒரு பலனும் இல்லை. தூணே பெயர்ந்திருந்தால் என்னோடு அவளும் போயிருப்பாள். என் எடையில் பாதிதான் இருப்பாள். இந்தக் கணக்கு அந்த மொட்டை மாடியில் மற்ற எல்லாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தவழ்ந்து அவளருகே போனேன்.

“இது எதுக்கு? இதனால என்ன ஆயிடும்?”

“ஒண்ணும் ஆகாது” என்றாள். “எனக்குத் தெரியும்.”

இடுப்பு முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க.”