நீலம் பூசிய வாடோ

ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் கொடுத்திருந்தார்கள். அதில் பதினோராம் நாள் கித்தேரியாவின் கிணற்றில் உப்பு ஏறியது.

காலையில் கஞ்சிக்கு உலை வைத்து, உப்புப் போட்டு, ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள். கை தவறி இரண்டு தரம் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். மறுபடி உலை வைத்தாள், உப்பே போடாமல். அந்தக் கஞ்சி சரியான ருசியில் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி, ஆற்றோரக் கிணறுகள் லேசாகக் கரிப்பது புதிதல்ல. இது மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதம். ஓட்டுக் கூரையிலிருந்து கொட்டுவதெல்லாம் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகிறது. மழைக்குக் கிணறு இனிக்க வேண்டும்.

பஞ்சாயத்துச் சுவரில் அந்த வரைபடத்தை ஒட்டின பிறகுதான் இதெல்லாம். அடுத்த இருபது வருஷத்துக்கு ஊரின் எந்த நிலம் எதற்கு என்று போட்ட திட்டம்; அறுபது நாள் கெடு அதற்குத்தான். மஞ்சள் என்றால் வீடு, பச்சை என்றால் வயல், நீலம் என்றால் தண்ணீர். அவளுடைய ஆற்றோரக் குடியிருப்பான சிரோல்வாடோவின் வீடுகள் அத்தனையும் நீலத்தில் இருந்தன. ஆறு கரையேறி நடந்து, மாதா சிற்றாலயத்தின் கீழ்ப்படி வரைக்கும் வந்து நின்றுகொண்டது போல. ஆலயம் மட்டும் மஞ்சள்.

கித்தேரியாவுக்கு அதில் ஒரே கவலை, பின்சுவர். போன மழையில் விழுந்து, இப்போது தார்ப்பாயில் நிற்கிறது. எழுப்ப அனுமதி கேட்கப் போனபோது பஞ்சாயத்துச் செயலர் வரைபடத்தை விரலால் காட்டினார்.

"தண்ணிக்குள்ள சுவர் கட்ட நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? ஆட்சேபம் சொல்லுங்க. மஞ்சளா மாறிச்சுன்னா மறுநாளே கட்டிக்கங்க."

கப்பலுக்குப் போன புருஷன் போன இடத்திலேயே தங்கிவிட்டான். அந்த வீட்டைத் தவிர அவளுக்கென்று ஒன்றும் கிடையாது. இந்த நேரத்தில் கிணறு கரிக்கிறது என்று வெளியே தெரிந்தால், 'நாங்கதான் அப்பவே தண்ணின்னு போட்டோமே' என்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

விடியும் முன் ஆலயக் குழாய்க்குப் போனாள். அங்கே பக்கத்து வீட்டு எஸ்பெரான்சா நின்றிருந்தாள், கையில் பெரிய கேன்.

"பீடத்துப் பூ ஜாடிக்கு," என்றாள் எஸ்பெரான்சா, கேட்காமலே.

"நானும் அதுக்குத்தான்."

இரண்டு கேனும் நிரம்பும் வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஜாடியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் பிடிக்கும்.

வாசலில் கண்டல் முளைத்திருந்தது. ஆற்றுச் சேற்றில் மட்டுமே வளர்கிற மரம். பென்சில் நீளத்தில், இரண்டு இலையோடு, துளசி போல நிமிர்ந்து நின்றது. கித்தேரியா பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். வேலிக்கு அப்பால், எஸ்பெரான்சாவின் குப்பையில், பிடுங்கிய கண்டல் முளைகள் ஒரு கட்டு ஏற்கெனவே கிடந்தன.

யோவான் திருநாள் வந்தது. அன்றைக்கு ஆண்கள் தலையில் பூக்கிரீடம் வைத்துக்கொண்டு, மேளம் கொட்டி, வீடு வீடாகப் போய்க் கிணற்றில் குதிப்பார்கள். வீட்டுக்காரி பழமும் முந்திரிச் சாராயமும் கொடுத்தனுப்ப வேண்டும். அன்று கிணற்றை மூடுகிற வீட்டை ஊர் மறக்காது. எதையோ கிணற்றில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேசும்.

முன்னால் வந்தவன் செஃபெரீனோ. மின்கம்பத்தில் ஏறி ஒயர் மாட்டுகிறவன், வாடோவிலேயே நன்றாக முங்குகிறவன்.

"கித்தேரியாக்கா, வெறும் அன்னாசிப்பழத்தோட அனுப்பிடலாம்னு பாக்காதே. பாட்டில் எங்க?"

"பாட்டிலை எடுத்துட்டுப் போ. கிணறு வேண்டாம்டா, ஒரே பாசி."

"பாசியா? போன வருஷம் உன் கிணத்துத் தவளை என் கிரீடத்தை மாட்டிக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்திருந்துச்சு. அதுக்கே நான் ஒண்ணும் சொல்லல."

"அதுவாவது கிரீடத்துக்குப் பொருத்தமான மூஞ்சி," என்றான் மேளக்காரன். எல்லாரும் சிரிக்க, செஃபெரீனோ குதித்தான்.

மேளம் கொட்டியது. தண்ணீரில் பூக்கிரீடம் மட்டும் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாக நகர்ந்து, ஆற்றுப் பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. மேளக்காரன் கை தாளம் தப்பி, நின்றது. பிறகுதான் அவன் தலை தெரிந்தது.

ஏறி வந்தவன் புறங்கையால் உதட்டைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"அக்கா, அடியில தண்ணி நடக்குது."

"என்னடா சொல்றே?"

"காலைப் பிடிச்சு இழுத்துச்சு. ஆத்துப் பக்கமா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நல்ல தண்ணி. அடுத்த வீட்டுக்கு நடங்க," என்றான்.

வழக்கமில்லாமல் கித்தேரியாவும் பின்னாலேயே போனாள். எஸ்பெரான்சா தன் கிணற்றடியில் நின்று, ஏறி வந்தவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைத் துடைத்தான். அடுத்த வீட்டுக்காரியும் அதே போல நின்றாள். அவர்கள் கிணற்றிலிருந்து ஏறியவனும் அதே போலத் துடைத்தான். மற்ற வருஷங்களில் கிணற்றுத் தண்ணீரை வாய் நிறைய மொண்டு ஒருவர் மேல் ஒருவர் கொப்பளித்து அடிப்பார்கள். இந்த வருஷம் ஒருவனும் வாயைத் திறந்துகொண்டு முங்கவில்லை. வீட்டுக்கு வீடு பாட்டு தேய்ந்துகொண்டே வந்தது. கடைசிக் கிணற்றுக்கு வந்தபோது மேளம் மட்டும்தான் இருந்தது.

கெடுவின் கடைசி நாள் பஞ்சாயத்துக் கூடத்தில் விசாரணை. தலைநகர் பணஜியிலிருந்து போர்க்கர் என்ற அதிகாரி வந்திருந்தார். சின்ன வயசு, வாடோக்காரர்களைச் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

"கடல் மட்டத்தை வெச்சுக் கணக்குப் போட்டோம். இருபது வருஷத்துல உங்க வாடோவுக்குள்ள ஆத்துத் தண்ணி வரும்னு கணக்கு சொல்லுது. அதான் நீலம். ஆனா கணக்கு தப்பாவும் இருக்கலாம், நான் ஒத்துக்கறேன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொல்லுங்க, கிணறு நல்லா இருக்கா? இருந்தா இன்னிக்கே மஞ்சளுக்கு எழுதறேன். கரிச்சா, எல்லாரையும் வேற இடத்துக்கு மாத்தறதைப் பத்தித்தான் பேசணும்."

எஸ்பெரான்சா முதலில் எழுந்தாள். "எங்க கிணத்துத் தண்ணியில டீ போட்டா, அந்த வாசனைக்குப் பணஜியிலிருந்து ஆள் வரும் சார்."

கூடம் சிரித்தது. அவள் உட்காரும் முன் மூலையிலிருந்த மண்பானையில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். இன்னொன்று மொண்டாள். பின்னால் மேளக்காரன் நின்றான், அவன் பின்னால் அவன் மனைவி. நல்ல தண்ணி என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் பானையடிக்குப் போனார்கள். பேசாமல், மூச்சு விடாமல் குடித்தார்கள். கூடத்தில் தொண்டைகளின் சத்தம் மட்டும் கேட்டது. பியூன் பானையை நிரப்பினான். அதுவும் காலியானது. போர்க்கர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செஃபெரீனோ எழுந்தான். "நான் எல்லார் கிணத்துலயும் குதிச்சவன் சார். கித்தேரியாக்கா கிணறுதான் இருக்கிறதிலேயே நல்ல கிணறு."

அவளைப் பார்க்காமல்தான் சொன்னான். அந்தச் சுவருக்காகச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேணும்னா அடுத்த திருநாளுக்கு வாங்க சார். உங்க முன்னாலயே அதுல குதிச்சுக் காட்டறேன்," என்றான்.

போர்க்கர் பேனாவை எடுத்தார். "கித்தேரியா மேடம், உங்க கிணறுதானே பாக்கி. நல்ல தண்ணின்னு எழுதிக்கலாமா?"

கித்தேரியா எழுந்தாள். இன்று எழுதினால் நாளைக்குச் சுவர். கல் எங்கே இறக்குவது என்றுகூட இடம் பார்த்து வைத்திருந்தாள். செஃபெரீனோ வெறும் பானையைச் சாய்த்து அடித் தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொண்டிருந்தான்.

"எழுதாதீங்க," என்றாள். "குதிக்க வேண்டாம்டா செஃபெரீனோ, அடுத்த வருஷம் நீ மேல வர மாட்டே." பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள். "என் கிணறு உப்பு சார். இங்க உக்காந்திருக்கிற எல்லார் கிணறும் உப்பு. ஆறு உள்ள வந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது."