இன்னொரு ஆட்டம்

ஒரே ஒரு தடவைதான் கழிவறைக்குப் போனேன். அதையும் எண்ணியிருக்கிறார்கள். ஹேமநாதன் மூன்று தடவை எழுந்து போனாரே, அதை யார் எண்ணினார்கள்?

ரூபினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூலாய் நகர மண்டபத்தில் சதுரங்கத் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்று முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஹேமநாதன் தன் ராஜாவைச் சாய்த்துக் கைகொடுத்தும் விட்டார். மாநிலச் சதுரங்கக் குழுவின் கடைசி இடம் அவளுக்கு. ஆனால் அவர் முடிவுத்தாளில் கையெழுத்துப் போடாமல் நடுவர் ஸ்டானிஸ்லாஸிடம் போய் நின்றார்.

"யானையக் கொடுத்து குதிரைய வெட்டுது லா, அங்கிள். ஃபேக்டரி ஷிப்ட்டுக்குப் போற பொண்ணு யோசிக்கிற மூவா அது? போன்தான் யோசிச்சிருக்கு."

"என் போன் காலையிலேர்ந்து அங்கிள் மேசையில இருக்கு," என்றாள்.

"டாய்லெட்டுல இன்னொரு போன் இருக்கக் கூடாதா?"

"அலமாக், ஹேமா! தோத்தா ஒரு தே தாரே டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போ லா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கறுப்புக் காய்களோடு சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்கத்தை ஆடுகிற யாருக்கும் தெரிந்த வெட்டு அது. செடெனாக்கிலிருந்து செனாய் போகும் ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு வருடமாக அதையேதான் மனத்துக்குள் ஆடிப் பார்த்திருந்தாள். சனிக்கிழமை வகுப்பில் ஹேமநாதனே பலருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார். அதையே அவள் அவர்மீது ஆடியதுதான் அவருக்கு ஆறவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் அவளைத் தனியே அழைத்தார். "உன் பையப் பாத்துட்டேன் மா, ஒண்ணுமில்ல. ஆனா பேச்சு வளருது. பத்து நிமிஷத்துல ஒரு ஆட்டம், இங்கயே ஆடிக் காட்டிடு. ஜெயிச்சா எல்லாரும் வாய மூடிக்குவாங்க."

"தோத்தா?"

அவர் ஹேமநாதன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ரூல் என்ன சொல்லுது அங்கிள்?"

"ரூல் உன் பக்கம்தான். இருந்தாலும்..."

ஹேமநாதன் அதற்குள் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் உருண்டு விழுந்தது. இந்த மனிதரை இப்போதே மறுபடியும் தோற்கடிக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்கள் பரபரத்தன. அந்தப் பரபரப்பின் மீதே அவளுக்குக் கோபம் வந்தது. உட்கார்ந்துவிட்டால், மூன்றரை மணி நேரம் தான் யோசித்ததைத் தானே சந்தேகித்ததாகிவிடும்.

யாரோ அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"நான் ஆடி முடிச்சிட்டேன் அங்கிள்," என்றாள் மெதுவாக. முடிவுத்தாளில் தன் கையெழுத்தைப் போட்டு, ஸ்டானிஸ்லாஸின் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.