யதுர்ஷா விட்ட இரண்டு எழுத்துகள்

அந்த ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியில், பிள்ளைகள் எந்தச் சொல்லைக் கூட்டுகிறார்களோ அது அவர்களோடு வீட்டுக்கு வரும். கூட்டியபடியே வரும். போன வருடம் ஒரு சிறுவன் நாற்காலிக்கு உரிய சொல்லில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டதால் மூன்று கால் நாற்காலியோடு பஸ் ஏறினான். உச்சரிக்காத எழுத்துகளை விட்டால் கை கால் குறையாது, அமைதிதான் குறையும். கத்திக்கு முன்னால் நிற்கும் 'கே'யை மறந்த ஒரு சிறுமியின் வீட்டில், அந்தக் கத்தி இன்னமும் வெங்காயம் வெட்டும்போதெல்லாம் வீரிடுகிறது.

யதுர்ஷாவுக்குப் பத்து வயது. டென்மார்க்கின் கரையோரத்தில் இருந்த அந்த ஊருக்கு அவர்கள் வந்து அதிக காலம் ஆகவில்லை. அப்பா சிவநேசன் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். இந்த முறை மகள்தான் வெல்வாள், கோபன்ஹேகனில் நடக்கும் இறுதிப்போட்டிக்கும் போவாள் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அம்மா நளாயினி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. அடுக்குமாடிக்காரர்கள் படியில் கண்டால் தலையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எதிர்வீடு காலி. ஆகவே அம்மா துணி துவைக்கும் மெஷினோடு கதைக்கப் பழகியிருந்தார். அது சுற்றி ஓய்ந்ததும் கதையைப் பாதியில் விட்டுவிடுவார்.

போட்டியில் கடைசியாக யதுர்ஷாவும் மாட்ஸ் என்ற பையனும் மிஞ்சினார்கள். மாட்ஸுக்கு ஆட்டுக்குட்டி கிடைத்தது. சொல்லின் முடிவில் ஒளிந்திருக்கும் 'பி'யை அவன் விடவில்லை. சத்தமே போடாத ஆட்டுக்குட்டி ஒன்று வந்து அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

நடுவர் பீர்ட்டா டீச்சர் யதுர்ஷாவைப் பார்த்தார். "நெய்பர்," என்றார்.

அயலவர். அந்தச் சொல் யதுர்ஷாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நடுவில் வரும் ஜியும் எச்சும் வாய் திறக்காதவை என்பதும் தெரியும். பின்வரிசையைப் பார்த்தாள். அப்பா கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். அம்மா, மடித்த பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"என், ஈ, ஐ," என்றாள் யதுர்ஷா. "பி, ஓ, யூ, ஆர்."

"பிழை," என்றார் பீர்ட்டா டீச்சர். "விரும்பினால் இன்னொருமுறை சொல்லலாம்."

"வேண்டாம் டீச்சர். அப்படியே வரட்டும்."

கோப்பையை மாட்ஸ் வாங்கினான். அப்பா வெளியே போய்க் கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தார்.

"உனக்குத் தெரிஞ்ச சொல்தானே பிள்ளை?" என்று கார் ஓட்டும்போது கேட்டார்.

"தெரியும் அப்பா."

"பிறகேன்?"

யதுர்ஷாவின் பதில் யாருக்கும் கேட்கவில்லை. பின் இருக்கையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அயலவர் இருந்தார். பெயர் இங்கர், நரைத்த தலை, பெரிய கைப்பை. கூட்டிய பிள்ளை வீட்டில் பேசும் மொழியையே வந்த சொல்லும் பேசும் என்பதால் அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்துக்கொண்டே வந்தார்.

"இண்டைக்கு என்ன கறி வைச்சனீங்கள்?"

"கணவாய்," என்றார் அம்மா. குரல் கரகரத்தது.

"பழப்புளி விட்டனீங்களோ?"

"விடாமல்? விடாட்டி அது என்ன கறி!"

"எங்கட மாமி விடமாட்டா. அவவின்ர கறியைப் பூனையும் மணந்துபோட்டுப் போயிடும்."

அம்மா சிரித்தார். அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் தெருவை விட்டுவிட்டுத் துறைமுகத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டினார்.

இங்கர் எதிர்வீட்டில் குடியேறினார். கதவுகள் இரண்டும் பகலில் திறந்தே கிடந்தன. துணி துவைக்கும் மெஷின் சும்மா சுற்றியது.

ஒரு காலை அவர் எவர்சில்வர் பேணியோடு வாசலில் நின்றார்.

"நளா, எங்கட வீட்டில இன்னும் வியாழக்கிழமைதான் நிக்குது. கொஞ்சம் வெள்ளிக்கிழமை இருந்தாத் தாரும்."

"பொறுங்கோ அக்கா."

அம்மா குசினிக்குப் போய்ப் பேணி நிறைய வெள்ளிக்கிழமையை ஊற்றிக்கொண்டு வந்தார். வழியில் தளும்பியதை யதுர்ஷா துணியால் துடைத்தாள்.

"திருப்பித் தரவேண்டாம்," என்றார் அம்மா.

அன்று அவர்கள் வீட்டில் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே பொழுதுபட்டது. அப்பா எழுந்து லைட்டைப் போட்டார்.